பொம்மை வீட்டின் புரோநோட்டு

ஹென்ரிக் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகம் எதைப் பற்றியது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். நோரா என்ற பெண் கடைசிக் காட்சியில் கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போகிறாள், அவ்வளவுதான். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இந்தப் பதில் போதும். ஆனால் நாடகத்தை முதலிலிருந்து படித்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கதை முழுவதும் ஒரு கடன் பத்திரத்தைச் சுற்றியே ஓடுகிறது. கதவு கடைசி நிமிடத்தில்தான் வருகிறது.

கதை இதுதான். கணவன் ஹெல்மருக்கு உடல்நிலை மோசமாகிறது. தெற்கே வெயில் அடிக்கும் நாட்டுக்குப் போனால்தான் பிழைப்பார் என்கிறார்கள் மருத்துவர்கள். கையில் பணம் இல்லை. கடன் வாங்குவது ஹெல்மருக்குப் பிடிக்காது. எனவே அவருக்குத் தெரியாமல் குரோக்ஸ்டாட் என்பவரிடம் நோரா கடன் வாங்குகிறாள். அவள் கையெழுத்தை மட்டும் நம்பி யாரும் பணம் தர மாட்டார்கள். அப்பாவின் ஜாமீன் கையெழுத்து வேண்டும். அப்பாவோ சாகக் கிடக்கிறார். அவரைத் தொந்தரவு செய்ய மனம் வராமல் அவர் கையெழுத்தையும் நோராவே போட்டுவிடுகிறாள். மாட்டிக்கொண்டது தேதியில்! அப்பா இறந்தது செப்டம்பர் 29. பத்திரத்தில் உள்ள தேதி அக்டோபர் 2. இறந்து மூன்று நாள் கழித்து ஒருவர் ஜாமீன் கொடுத்திருக்கிறார்.

கணக்குப் பதிவியல் படிக்கும் எவருக்கும் இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். நோரா வட்டியும் அசலும் ஒழுங்காகக் கட்டி வருகிறாள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடிக்கிறாள், இரவில் கண்விழித்துப் பிரதி எடுக்கும் வேலை செய்கிறாள். கடனைத் திருப்பிக் கட்டும் திறமை அவளிடம் இருக்கிறது. பிறகு ஏன் அவளுடைய சொந்தக் கையெழுத்து செல்லவில்லை? ஏனென்றால் அவள் ஒருவரின் மனைவி, இன்னொருவரின் மகள். சட்டத்தின் கண்ணில் அவள் தனி நபரே இல்லை. நார்வேயில் மணமான பெண்ணுக்குத் தன் சம்பாத்தியத்தின் மீது உரிமை தந்த சட்டம் 1888ல்தான் வந்தது. 'பொம்மை வீடு' கோபன்ஹேகன் அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பட்டது 1879 டிசம்பர் 21. நாடகம் சட்டத்துக்கு ஒன்பது ஆண்டு முந்தி வந்துவிட்டது.

இது வெறும் கற்பனையும் இல்லை. இப்சனுக்குத் தெரிந்த லாரா கீலர் என்ற எழுத்தாளர், கணவரின் காசநோய்ச் சிகிச்சைக்காக இப்படித்தான் ரகசியமாகக் கடன் வாங்கினார். விஷயம் வெளியே வந்தபோது கணவர் நன்றி சொல்லவில்லை. மனநல விடுதிக்கு அனுப்பினார், குழந்தைகளைப் பிரித்தார். நாடகத்தில் வரும் நோரா தானாக வெளியே போகிறாள். நிஜத்தில் இருந்த நோரா வெளியே தள்ளப்பட்டாள்.

யதார்த்த நாடகம் என்றால் என்ன?

ராஜா, தேவர், சாபம், அசரீரி எதுவும் இல்லாத நாடகம். மேடையில் ஒரு சாதாரண வீட்டுக் கூடம். சாதாரண மனிதர்கள் சாதாரணமாகப் பேசுகிறார்கள். பழைய நாடகங்களில் விதி செய்த வேலையை இங்கே கடன், கடிதம், வேலை, சட்டம் ஆகியவை செய்கின்றன.

அதனால்தான் யதார்த்த நாடகம் கல்யாணத்தை விடாமல் துரத்தியது. பாட்டிலும் படத்திலும் கல்யாணம் என்றால் காதல். வீட்டுக் கூடத்தில் அது வரவு செலவும்தான். யார் சம்பாதிக்கிறார், சாவி யாரிடம் இருக்கிறது, யார் கையெழுத்து செல்லும் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே ஒரு குடும்பத்தின் நிலைமை தெரிந்துவிடும். பெண்ணைப் பற்றிய நல்ல யதார்த்த நாடகங்கள் எல்லாம் இந்த மூன்றையும் கேட்டிருக்கின்றன. தமிழ் மேடை இவற்றைக் கேட்கத் தொடங்கி, பாதியில் கல்யாணப் பந்தலுக்குத் திரும்பிவிட்டது என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வரும் செய்தி.

இந்த நாடகங்களுக்குக் கிடைத்த எதிர்ப்பைப் பார்த்தாலே கேள்விகளின் கூர்மை புரியும். 1880ல் ஜெர்மனியில் நோராவாக நடிக்க வேண்டிய நடிகை, குழந்தைகளை விட்டுப் போகும் காட்சியில் நடிக்க மறுத்தார். வேறு யாரோ முடிவை மாற்றி எழுதிவிடக் கூடாது என்று இப்சனே இன்னொரு முடிவை எழுதிக் கொடுத்தார். தூங்கும் குழந்தைகளைப் பார்த்ததும் நோரா கால் துவண்டு நின்றுவிடுகிறாள்! அதை எழுதிக் கொடுத்த இப்சனே அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று கண்டித்தார்.

பெர்னார்ட் ஷாவின் கதை இன்னும் வேடிக்கை. அவர் 1893ல் எழுதிய 'மிஸஸ் வாரன்ஸ் புரொஃபெஷன்' நாடகத்துக்கு இங்கிலாந்தில் தணிக்கை அதிகாரி அனுமதி மறுத்தார். அங்கே அது பொது அரங்கில் நடந்தது 1925ல்தான். அதன் நாயகி விவி கணிதம் படித்தவள். தாயின் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததும் அந்தப் பணத்தையும் வேண்டாம் என்கிறாள், தேடி வந்த கல்யாணத்தையும் வேண்டாம் என்கிறாள். கடைசிக் காட்சியில் அலுவலக மேஜையில் உட்கார்ந்து கணக்கு வேலையில் மூழ்கிவிடுகிறாள். ஒரு நாயகி கணக்குப் போடுவதில் நாடகம் முடிகிறது. வணிகவியல் மாணவிகள் கட்டாயம் படிக்க வேண்டிய நாடகம் இது!

விஜயநகரத்தில் ஒரு விலைப் பட்டியல்

ஐரோப்பாவை விட்டு இந்தியாவுக்கு வந்தால், தென்னிந்தியாவில் இதை முதலில் துணிந்து செய்தவர் தெலுங்கில் எழுதிய குரஜாட அப்பாராவ். அவருடைய 'கன்யாசுல்கம்' 1892ல் விஜயநகரத்தில் மேடையேறியது, 1897ல் புத்தகமானது. சுல்கம் என்றால் விலை. பெண்ணைப் பெற்றவன் பணம் வாங்கிக்கொண்டு சிறுமியைக் கிழவனுக்குக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் அன்று அந்தப் பகுதியின் பிராமணக் குடும்பங்களில் இருந்தது. அக்னிஹோத்ராவதானுலு என்பவரின் மூத்த மகள் புச்சம்மா இளம் விதவை. அப்படியிருந்தும் இளையவள் சுப்பியை லுப்தாவதானுலு என்ற கிழவருக்கு விலை பேசுகிறார் அவர்.

இந்த நாடகத்துக்குப் பின்னால் ஒரு புள்ளிவிவரம் இருந்தது. விஜயநகர மகாராஜா, பணம் வாங்கி நடந்த திருமணங்களைப் பட்டியல் எடுக்கச் சொன்னார். மூன்று ஆண்டில் 1,034 திருமணங்கள் பதிவாகின. அதில் ஒரு வயதுக் குழந்தைகளும் இருந்தார்கள். நூலின் முன்னுரையில் குரஜாடவே இதைக் குறிப்பிடுகிறார்.

வேப்பூரில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். விற்பவர் ஒரு விலை சொல்வார், வாங்குபவர் ஒரு விலை சொல்வார், தரகர் நடுவில் நிற்பார். ஆட்டை யாரும் கேட்பதில்லை. கன்யாசுல்கத்தில் சுப்பியின் நிலை அதுதான். சுல்கம் ஒழிந்துவிட்டதே என்று சிலர் சொல்லலாம். உண்மைதான், ஒழிந்துவிட்டது. ஆனால் வரதட்சணை வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பு பணம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போனது, பிறகு பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகத் தொடங்கியது. பணம் போகும் திசை மாறியதே தவிர பேரம் மாறவில்லை. 1961ல் வரதட்சணைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் "எத்தனை பவுன் போடுவீங்க?" என்ற கேள்வி நின்றபாடில்லை.

தமிழ் மேடையில் நடந்தது என்ன?

தமிழ் மேடையின் முதல் முரண்பாடு மேடைக்கு வெளியே இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் கம்பெனிகளில் பெண் வேடம் போட்டவர்கள் சிறுவர்கள். சாவித்திரியும் பவளக்கொடியும் அல்லியும் மீசை முளைக்காத பையன்கள்தான். அதே காலகட்டத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். முதலாளி அவர், முதன்மை நடிகை அவர், ஆண் வேடத்திலும் பெண்கள்! அந்தக் கம்பெனியின் பேரேடு ஒரு பெண்ணின் கையில் இருந்தது. ஆனால் அந்தக் கால மேடையில் கொண்டாடப்பட்ட கதைகள் கற்பரசிகளின் கதைகள். கம்பெனி நடத்தும் பெண்ணின் கதை மேடைக்கு வரவில்லை.

பிறகு சமூக நாடகங்கள் வந்தன. டி.கே.எஸ். சகோதரர்கள் நடத்திய 'குமாஸ்தாவின் மகள்', வங்க எழுத்தாளர் நிருபமா தேவியின் நாவலைத் தழுவியது. 1941ல் அது 'குமாஸ்தாவின் பெண்' என்று படமும் ஆனது. மகளுக்குக் கல்யாணம் செய்ய வழியில்லாத ஒரு ஏழைக் குமாஸ்தாவின் குடும்பம்தான் கதை. மேடையில் மன்னர்கள் உலவிய காலத்தில் ஒரு குமாஸ்தாவின் வீட்டைக் காட்டியதே பெரிய மாற்றம்.

அடுத்து திராவிட இயக்க நாடகங்கள். 1940களின் நடுவில் அண்ணாதுரை எழுதிய 'வேலைக்காரி' 1949ல் படமாகவும் வந்தது. வட்டிக்குக் கொடுத்து ஊரை அடிக்கும் வேதாசல முதலியார், அவர் மகன் மூர்த்தி, அவன் காதலிக்கும் வேலைக்காரி அமிர்தம். இதில் கடன் கொடுமை வருகிறது, சாதி வருகிறது, போலிச் சாமியார் வருகிறார். கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள். ஆனால் பெண்கள் என்ன ஆகிறார்கள்? தந்தையை இழந்த ஆனந்தன், ஜமீந்தார் வேடத்தில் வந்து முதலியாரைப் பழிவாங்கப் பார்க்கிறான். அதற்கு அவன் எடுக்கும் ஆயுதம், முதலியாரின் மகள் சரசாவைக் கல்யாணம் செய்துகொள்வது! அவள் திமிர் பிடித்தவள் என்று முதலிலேயே காட்டிவிடுவதால் பார்ப்பவர்களுக்கு உறுத்துவதில்லை. ஆனால் அப்பா செய்த குற்றத்துக்குக் கட்டணம் செலுத்துவது மகளின் தாம்பத்தியம். அமிர்தத்தின் கல்யாணமோ, அவள் ஒரு பணக்காரரின் மகளாக ஏற்கப்பட்ட பிறகுதான் நடக்கிறது. நாடகத்தின் தலைப்பு வேலைக்காரி. பந்தலில் உட்காரும்போது அவள் வேலைக்காரியாக இல்லை.

எம்.ஆர். ராதா நடத்திய 'ரத்தக்கண்ணீர்' இன்னும் துணிச்சலானது. எழுதியவர் திருவாரூர் கே. தங்கராசு. படம் 1954ல் வந்தது. சீமையில் படித்துத் திரும்பிய மோகன், மனைவி சந்திராவை ஒதுக்கிவிட்டுக் காந்தாவிடம் போகிறான். சொத்தையும் உடம்பையும் இழக்கிறான். கடைசியில் தன் மனைவியைத் தன் நண்பன் பாலுவுக்குத் தானே முன்னின்று மணம் முடித்து வைக்கிறான். கணவன் உயிரோடு இருக்கும்போதே மனைவிக்கு மறுமணம்! இன்றைய தொலைக்காட்சித் தொடர் எழுதுபவர்கள்கூட இதை எழுதத் தயங்குவார்கள்.

இருந்தாலும் அந்தக் காட்சியை இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். முடிவை எடுப்பவன் மோகன். கேட்டுக்கொள்ளப்படுபவன் பாலு. சந்திரா ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றித் தரப்படுகிறாள். பத்திர அலுவலகத்தில் இதற்குப் பெயர் மாற்றுதல். காலம் முழுக்க ஒதுக்கப்பட்ட அவள், "எனக்கு எது வேண்டும்" என்று ஒரு பக்க வசனம் பேசியிருந்தால் தமிழ் மேடைக்கு ஒரு நோரா கிடைத்திருப்பாள். அந்த நாடகத்தின் நல்ல வசனங்கள் எல்லாம் ராதாவுக்கே போய்விட்டன.

இதைக் குறையாக மட்டும் சொல்ல முடியாது. அந்த நாடகங்களுக்கு வேறு வேலை இருந்தது. மூடநம்பிக்கையையும் சாதித் திமிரையும் அடிக்க வந்தவை அவை, அடிக்கவும் செய்தன. ஒரு சுவையான விஷயமும் உண்டு. 'வேலைக்காரி'யை எழுதிய அண்ணாதுரை 1967ல் முதலமைச்சரானதும், சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கும் சட்டத் திருத்தம் நிறைவேறியது. இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்ந்தது. புரோகிதர் வேண்டாம், மந்திரம் வேண்டாம். உறவினர், நண்பர்கள் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் செல்லும். அதாவது பெண் வாயைத் திறந்து சொல்லும் சொல்லுக்கே சட்ட மதிப்பு வந்துவிட்டது. அண்ணாதுரை நாடகத்தில் செய்யாததைச் சட்டத்தில் செய்தார் என்று சொன்னால் தவறில்லை.

கூத்தில் கேட்ட கேள்வி

நோரா மேல்நாட்டுப் பெண், இந்தக் கேள்வி எல்லாம் நம் பண்பாட்டில் இல்லை என்று ஒரு வாதம் உண்டு. பழைய தென்னாற்காடு பகுதியில், வேப்பூர், விருத்தாசலம், திட்டக்குடி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை ஒரு இரவாவது பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சூதாட்டத்தில் தருமன் தன்னையும் தோற்கிறான், திரௌபதியையும் தோற்கிறான். சபைக்கு இழுத்து வரப்பட்ட அவள் அழுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறாள். தருமர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னையே தோற்று அடிமையானவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை?

இது உணர்ச்சிக் கேள்வி இல்லை, சுத்தமான சட்டக் கேள்வி. தன்னிடம் இல்லாத சொத்தை ஒருவர் விற்க முடியுமா என்று வணிகச் சட்டத்தில் கேட்கிறார்களே, அதே கேள்வி! சபையில் இருந்த பெரியவர்கள் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. தர்மம் நுட்பமானது என்று பீஷ்மர் நழுவினார். கண்ணன் புடவை கொடுத்து மானத்தைக் காப்பாற்றினான். புடவை வந்ததும் கூட்டம் கற்பூரம் காட்டுகிறது. கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது. கடவுள் மேடைக்கு வரக் கூடாது என்று யதார்த்த நாடகம் கறாராக இருப்பது இதனால்தான். கண்ணன் வராவிட்டால் சபை பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பதிவேட்டில் ஒரு கையெழுத்து

இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு, விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையை நினைவுபடுத்த வேண்டும். அந்த ஊரைச் சேர்ந்த கண்ணகியும் முருகேசனும் 2003 மே 5 அன்று பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். முருகேசன் பொறியியல் பட்டதாரி, தலித். கண்ணகி வன்னியர். இருவரும் வயது வந்தவர்கள், சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. ஜூலை 8ஆம் தேதி இருவருக்கும் நஞ்சு ஊற்றிக் கொன்று, உடல்களை எரித்துவிட்டார்கள். செய்தவர்களில் பெண்ணின் சொந்தக் குடும்பத்தினரும் இருந்தார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போய், கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021 செப்டம்பரில். ஒருவருக்கு மரண தண்டனை, காவல்துறையினர் உட்படப் பன்னிரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை. 2022ல் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கொலைக்கும் முதல் தீர்ப்புக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள்!

நோரா போட்டது கள்ளக் கையெழுத்து. அவளுடைய சொந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்பதால் போட்டாள். கண்ணகி போட்டது சொந்தக் கையெழுத்து. அரசாங்கப் பதிவேட்டில் அது செல்லும். அவள் வீட்டில்தான் செல்லவில்லை. 1879ல் சட்டம் வழிமறித்தது. 2003ல் சட்டம் வழிவிட்டது, சாதியும் குடும்பமும் வழிமறித்தன. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் தமிழில் எழுதப்பட வேண்டிய யதார்த்த நாடகம்.

கதையில் இதைத் தொட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த வட்டாரத்து எழுத்தாளர் இமையம், காதலித்த மகளைக் கொல்லச் சொல்லி ஊரே நெருக்கும்போது ஒரு தகப்பன் படும் பாட்டை 2012ல் 'பெத்தவன்' என்று எழுதினார். அவருடைய 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. மேடையாலும் முடியும். 1994ல் அ. மங்கை இயக்கத்தில் மௌனக்குரல் குழு, பெண் சிசுக்கொலையைப் பற்றிய 'பச்ச மண்ணு' நாடகத்தைக் கிராமங்களுக்கே கொண்டு போனது. வரதட்சணைக் கணக்கிலிருந்துதான் சிசுக்கொலை பிறக்கிறது என்று அந்தக் கணக்கைப் போடும் ஊர்களிலேயே நின்று சொன்னார்கள். சபா அரங்கில் குளிர்சாதனத்தில் உட்கார்ந்து கைதட்டுவதைவிட அது பெரிய காரியம்.

இப்போதுதான் பெண்கள் சம்பாதிக்கிறார்களே?

நியாயமான கேள்வி. சட்டம் நிறைய மாறிவிட்டது. 1956ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. 1989ல் தமிழ்நாடு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. ஆனால் அதில் ஒரு சின்ன வரி இருந்தது. 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணம் ஆன மகளுக்குப் பங்கு கிடையாது. கல்யாணம் ஆனால் பிறந்த வீட்டுப் பேரேட்டிலிருந்து பெயர் அடிபட்டுவிடும் என்ற வழக்கத்தைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. 2005ல் மத்திய அரசின் திருத்தம்தான் அந்தக் கோட்டை அழித்தது.

அதே 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. இன்று நிலைமை தலைகீழ். நோராவின் கையெழுத்தை யாரும் ஏற்கவில்லை, இன்று கடன் தருபவர்கள் பெண்ணின் கையெழுத்தைத்தான் தேடி வருகிறார்கள். குழுக் கடன், நுண்கடன் எல்லாம் பெண்கள் பெயரில்தான். வாரத் தவணை கட்டாவிட்டால் வாசலில் வந்து உட்காரும் அளவுக்குப் போனதால், கட்டாய வசூலைத் தடுக்க 2025ல் தமிழ்நாடு ஒரு தனிச் சட்டமே கொண்டு வர வேண்டியிருந்தது. கையெழுத்து அவளுடையது, கடன் பொறுப்பும் அவளுடையது. வாங்கிய பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்வது யார்? எல்லா வீட்டிலும் ஒரே பதில் இருக்காது. ஆனால் பல வீடுகளில் அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்க முடியாத கேள்வி எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாடகம் இருக்கிறது.

சம்பளம் வாங்கும் பெண்ணின் ஏடிஎம் அட்டை யாருடைய சட்டைப் பையில் இருக்கிறது என்பதும் அப்படிப்பட்ட கேள்விதான்.

நாடகம் பார்க்க வருபவர்கள் சிரிக்கத்தானே வருகிறார்கள், இவ்வளவு கனமாக எதற்கு என்றும் கேட்பார்கள். கன்யாசுல்கம் நகைச்சுவை நாடகம் என்பதை மறந்துவிடக் கூடாது. வேதம் ஓதும் கிழவருக்குப் பெண் வேடம் போட்ட ஒரு பையனைக் கட்டி வைக்கும் காட்சிக்கு விழுந்து விழுந்து சிரிக்கலாம். ராதாவின் வசனத்துக்கும் அப்படித்தான் சிரித்தார்கள். சிரிக்க வைத்துக்கொண்டே கணக்கைக் கேட்க முடியும்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மைகள் செய்கிறார்கள். நவராத்திரி வந்தால் கொலுப் பொம்மைக் கடைகளில் 'கல்யாண செட்' கிடைக்கும். மாப்பிள்ளை, பெண், புரோகிதர், நாதஸ்வரம், பந்தி எல்லாம் அதில் உண்டு. பதிவு அலுவலக செட் என்று ஒன்றை யாரும் இதுவரை செய்ததாகத் தெரியவில்லை. தமிழ் மேடையின் நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான். கல்யாணம் நடந்தால் மங்களம், திரை விழும். அதற்கு மறுநாள் என்ன நடந்தது என்று காட்ட ஆள் இல்லை.

கல்லூரி ஆண்டு விழாக்களில் ஒவ்வொரு ஆண்டும் ஒரு வரதட்சணை நாடகம் தவறாமல் நடக்கும். மாமியார் கத்துவார், மண்ணெண்ணெய் கேன் மேடைக்கு வரும், மருமகள் எரிவாள், சோகப் பாட்டு ஓடும், நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் பரிசு கொடுப்பார்கள். செத்தவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பதால் அந்த நாடகம் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

அடுத்த முறை அந்தக் கேனை மேடைக்கு வெளியே வைத்துவிட்டு, ஒரு மேஜையும் பேரேடும் பேனாவும் மட்டும் வைத்து எழுதிப் பார்க்கலாம். அவள் உயிரோடு இருக்கட்டும். போட்ட நகைக்கும் கொடுத்த பணத்துக்கும் வாங்கிய கடனுக்கும் வரிவரியாகக் கணக்குக் கேட்கட்டும். மாமனார், அப்பா, கணவன் மூவரும் பதில் சொல்லட்டும். பார்ப்பவர்களில் சிலர் நெளிவார்கள். பரிசு கிடைக்காமலும் போகலாம். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் அந்தக் கணக்கைப் பற்றி யாராவது இருவர் பேசிக்கொண்டு போவார்கள். 1879ல் கோபன்ஹேகனில் நாடகம் பார்த்தவர்களும் அப்படித்தான் பேசிக்கொண்டு போனார்கள்.